உள்ளே தாழ்ப்பாள் இல்லாத வீடு

1

நேற்று துணி எடுக்கக் கொல்லைப் பக்கம் போனேன். பின்னாலேயே காற்று வந்து கதவை அறைந்து சாத்திவிட்டது. இந்த ஊர்க் கதவுகளுக்கு அப்படி ஒரு புத்தி. சாத்தினால் தானாகப் பூட்டிக்கொள்ளும். சாவி உள்ளே, கைப்பேசி உள்ளே, அடுப்பில் ரசம். ஜூலை மாதத்து நியூசிலாந்துக் குளிர் வேறு முழங்காலைப் பிடித்து முறுக்குகிறது. வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஜூடித்தைக் கூப்பிட்டேன். என் மாற்றுச் சாவி அவளிடம்தான் இருக்கும். அவள் வந்து கதவைத் திறந்து, ரசத்தையும் இறக்கி வைத்தாள். நான் வாசற்படியில் நின்று விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தேன்.

"உனக்கு என்ன ஆயிற்று?" என்று கேட்டாள்.

"போன வருஷம் கதவுக்கு உட்பக்கம் மாட்டிக்கொண்டேன். இந்த வருஷம் வெளிப்பக்கம்" என்றேன்.

அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆங்கிலத்தில் சொன்னால் அது வெறும் பூட்டுக் கதை. உங்களிடம் சொன்னால்தான் அது என் அண்ணன் கதையாகும். அதனால் உங்களுக்கு எழுதுகிறேன்.

2

நான் ஆட்டையாம்பட்டிப் பக்கம் ஒரு தோட்டத்துக்காரர் மகள். பெயர் சாந்தாமணி. இங்கே அவ்வளவு நீளம் வாயில் நுழையாதவர்களுக்கு வெறும் மணி. கல்யாணமாகி வந்து முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்துவிட்டார். ஒரே மகள் கயல். வேறு ஊரில் பள்ளி ஆசிரியை. நான் இங்கே ஒரு பள்ளிக்கூட நூலகத்தில் புத்தகம் அடுக்குகிறேன்.

அவர் போன பிறகு வந்த முதல் குளிர்காலத்திலேயே முடிவு செய்துவிட்டேன்: இனி குளிர் மாதங்களில் இங்கே இருப்பதில்லை, ஊருக்குப் போய்விடுவது. போனேன். அண்ணன் வீட்டில் தங்கினேன். அங்கேதான் சங்கடம் தொடங்கியது. எனக்கு உள் அறைக் கட்டிலைக் கொடுத்துவிட்டு அண்ணன் வாசலில் கயிற்றுக் கட்டிலில் படுத்தார். நங்கை (எங்கள் பக்கம் அண்ணன் மனைவியை நங்கை என்போம்) தினமும் ஒரு பலகாரம் செய்தாள். விருந்தாளிக்கு எங்கள் ஊரில் ஒரம்பரை என்று பெயர். ஒரம்பரையாக ஒரு வாரம் இருக்கலாம். மூன்று மாதம் இருந்தால் பணியாரம்கூடத் தொண்டையில் சிக்கும்.

போதாததற்கு என் நாக்கு வேறு. நங்கை ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தால் "தேங்க்ஸ்" என்று வந்துவிடும். "ஏங்கண்ணு, கடைக்காரிகிட்டப் பேசறாப்பல பேசற?" என்று ஒருநாள் கேட்டேவிட்டாள். இன்னொரு நாள் காலையில் வாசலுக்கு வந்து, "ஆகா, இன்னைக்கு என்ன நல்ல வெயில்!" என்றேன். இங்கே குளிர் மாதத்தில் சூரியன் தலைகாட்டினால் எல்லோரும் ஒருவருக்கொருவர் அப்படித்தான் சொல்லிக்கொள்வோம். நங்கை என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள், காய்ச்சலோ என்று.

ஆகவே எனக்கென்று ஒரு சின்னக் கூடு வேண்டும். ஒரு கட்டில், ஒரு அடுப்பு, ஒரு சன்னல், என் சன்னல். அவ்வளவுதான் ஆசை.

ஆனால் எங்கே கட்டுவது? எங்கள் பக்கம் பெண் பிள்ளைக்கு நகையும் சீரும்தான், மண் கிடையாது. சட்டம் என்னவோ சொல்லட்டும். பிறந்த வீட்டில் பங்கு கேட்டவளுக்கு அப்புறம் பிறந்த வீடு கிடையாது. கேஸ் போட்டு ஜெயித்துவிட்டு, பொங்கலுக்குப் போக ஒரு வாசல் இல்லாமல் உட்கார்ந்திருக்கும் பெண்களை எனக்கே தெரியும். அப்பா போன பிறகு நானாகவே அண்ணனுக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். அதில் எனக்கு இம்மியும் வருத்தமில்லை. ஆனால் எழுதிக் கொடுத்தவள் திரும்பி வந்து அதே தோட்டத்தில் கல் நட்டு வீடு கட்டினால் ஊர் என்ன சொல்லும்? "கையெழுத்தைப் போட்டுட்டுக் காலை ஊணிட்டா பாரு" என்று சொல்லாதா?

எனக்கு நிலம் பெரிதில்லை, அண்ணன் வேண்டும். அண்ணன் வேண்டுமானால் அந்த மண்ணில் வேர் விடாத வீடு வேண்டும். வேர் இல்லாத வீட்டுக்கு எங்கே போவேன்?

வேலிக்கு அந்தப் பக்கமே இருந்தது. ஜூடித் இருப்பது அவளுடைய தங்கை வீட்டுப் புல்வெளியில், சக்கரம் வைத்த ஒரு சின்ன வீட்டில். சக்கரம் இருந்தால் இங்கே நகராட்சி அதை வண்டிக் கணக்கில் வைத்துவிடுகிறது. அக்கா தங்கைக்குள் ஒரு முணுமுணுப்பு இல்லை. ஞாயிற்றுக்கிழமை சேர்ந்து உட்கார்ந்து டீ குடிக்கிறார்கள். அடடா, இதுவல்லவா வழி என்று துள்ளிவிட்டேன்.

அண்ணனுக்குப் போன் போட்டேன். "தோட்டத்து மூலையில சின்னதா ஒண்ணு போட்டுக்கட்டுங்களாண்ணா?"

"இதையெல்லாம் கேக்கோணுமா அம்மிணி? எங்க வேணுமோ போட்டுக்க" என்றார்.

சக்கரத்தைப் பற்றி நான் சொல்லவில்லை. நேரில் பார்த்து அசந்துபோகட்டும் என்று நினைத்தேன். அசந்துதான் போனார்.

3

சக்கரத்தின் மேல் வீடு கட்ட எங்கள் சீமையை விட்டால் வேறு இடம் உண்டா? திருச்செங்கோடும் நாமக்கல்லும் லாரிக்குப் பாடி கட்டும் ஊர்கள். தெரிந்தவர் மூலமாக ராசு என்பவருடைய பட்டறை கிடைத்தது. போனில் நான் ஆசையாசையாக விளக்கியதையெல்லாம் கேட்டுவிட்டு அவர் சொன்னார்:

"ஊடுதானுங்க்கா? லாரி பாடியில நாலு சன்னல் வெச்சா ஊடு. முடிஞ்சுதுங்க."

அங்கே காலை டீ நேரம், இங்கே எனக்குச் சாயங்காலம். அந்த நேரத்தில் வீடியோவில் கூப்பிடுவார். முதல் நாள் பட்டறைத் தரையில் சாக்கட்டியால் கோடு போட்டு, போனைத் தூக்கிக்கொண்டு அந்தக் கோட்டுக்குள் நடந்தார். "இது சமையல்கட்டுங்க... இந்தப் பக்கம் கட்டலுங்க... இப்ப நீங்க பாத்ரூமுக்குள்ள நிக்கறீங்கக்கா." நான் இங்கே நூலக வாசலில் நின்றுகொண்டு அழுதேன். சாக்கட்டிக் கோட்டைப் பார்த்து அழுத ஒரே பெண் நானாகத்தான் இருப்பேன்.

அடுத்த வாரமே வேறு விதமாக அழுதேன். ராசு போனை எடுக்கவில்லை. யாருக்கோ ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டி அவசரமாம். என் வீடு எலும்புக்கூடாக மூலையில் நின்றது. இத்தனை வயதுக்கு மேல் இது என்ன பைத்தியக்காரத்தனம், யாருக்காவது விற்றுத் தொலைத்துவிடுங்கள் என்று சொல்ல வார்த்தைகளைச் சேர்த்து வைத்திருந்தேன். அவர் கூப்பிட்டு, "அக்கா, கூரை ஏத்தியாச்சுங்க, பாருங்க" என்றதும் எல்லா வார்த்தையும் மறந்துவிட்டது. ஒரு நாள் ராணி, மறுநாள் ஏமாளி. வீடு கட்டிய எல்லோருக்கும் இது தெரியும். சின்ன வீடென்றால் கவலையும் சின்னதாக இருக்கும் என்று நம்பியதுதான் என் தப்பு. பெரிய வீட்டில் ஒரு தவறு செய்தால் வேறு அறையில் போய் உட்கார்ந்துகொள்ளலாம். சின்ன வீட்டில் தவறு மேலேயே உட்கார வேண்டும்.

"அக்கா, பத்து டன் தாங்கும்" என்பார் பெருமையாக.

"நான் அவ்வளவு இல்லைங்க ராசு."

"இருக்கட்டுங்க்கா, ஒரம்பரை வந்தா?"

ஆனி மாதம் நேரில் போனேன். பட்டறைக்குள் நுழைந்ததும் என் வீட்டைப் பார்த்தேன். பச்சையும் மஞ்சளுமாக, ஓரமெல்லாம் தாமரையும் கிளியுமாக, கல்யாண வீட்டு வாசல் மாதிரி நின்றது. நெற்றியில் 'காளியம்மன் துணை'. உள்ளே ஏறிப் பெஞ்சில் உட்கார்ந்தேன். பெயிண்ட் வாசம். சன்னலுக்குச் சாக்கு மூட்டையைத் தாங்குவதுபோல் கனமான இரும்புக் கம்பி. எனக்கு எல்லாமே அழகாகத் தெரிந்தது. அப்பா வீட்டில் இருந்திருக்கிறேன், மாமனார் வீட்டில், வாடகை வீட்டில், பாங்க்காரன் வீட்டில் இருந்திருக்கிறேன். என் வீட்டில் அன்றைக்குத்தான் முதன்முதலாக உட்கார்ந்தேன். எழுந்திருக்க மனம் வரவில்லை.

இறங்கிப் பின்பக்கம் போனால் கதவுக்கு மேலே கொட்டை எழுத்தில், 'இடைவெளி விடவும்'.

"ஏனுங்க ராசு, வீட்டுக்குப் பின்னால யாருங்க வண்டி ஓட்டிட்டு வரப்போறாங்க?"

"பெயிண்டருக்குக் கைப்பழக்கமுங்க்கா. பூசிரலாம் விடுங்க."

பூசவில்லை. மறுநாளே வீட்டை இழுத்துப் போக டிராக்டர் வந்துவிட்டது.

4

தோட்டத்துக்குள் வீடு நுழைந்தபோது அண்ணன் கிணற்றோரம் நின்றுகொண்டிருந்தார். நான் சொல்லியிருந்த மூலைக்குப் பக்கத்தில் கருங்கல் ஒரு லோடு புதிதாகக் கொட்டிக் கிடந்தது. வீடு போய் அந்த மூலையில் வேப்பமரத்தடியில் நின்றது. கதவுப் பக்கம் அண்ணன் வீட்டைப் பார்த்து நின்றது. 'இடைவெளி விடவும்' என்பதும் அண்ணன் வீட்டைப் பார்த்துத்தான்.

அண்ணன் ஒரு சுற்று சுற்றி வந்தார். குனிந்து சக்கரங்களைப் பார்த்தார். கிளியைப் பார்க்கவில்லை, தாமரையைப் பார்க்கவில்லை.

"பஞ்சரானா ஆரு பாப்பாங்க?" என்றார். அவ்வளவுதான். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குச்சிக்கிழங்கு (மரவள்ளி) காட்டுக்குப் போய்விட்டார்.

அன்றிலிருந்து என்னோடு பேச்சு நின்றுவிட்டது. சண்டையில்லை, சத்தமில்லை. "அதுகிட்டச் சொல்லு, மோட்டார் போட்டிருக்குது" என்று நங்கையிடம் சொல்வார். நான் பக்கத்திலேயே நிற்பேன். அம்மிணி என்று கூப்பிட்டுப் பழகின வாய், 'அது' என்றது.

"அந்தக் கல்லு எதுக்குங்க நங்கை?" என்று கேட்டேன்.

"எனக்கென்ன தெரியும் கண்ணு, உங்கண்ணனைக் கேளு" என்று பாத்திரத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

எனக்குத் தெரிந்துவிட்டது என்று நினைத்தேன். அவருக்குப் பயம். சக்கரம் வைத்தால் என்ன, சந்தனம் வைத்தால் என்ன, பங்கு பிடிக்க வந்தவள் வந்தவள்தானே. என் மூலைக்கும் அவர் காட்டுக்கும் நடுவே சுவர் வைக்கத்தான் கல் இறக்கியிருக்கிறார். நான் எந்தப் பேச்சுக்குப் பயந்து சக்கரம் வைத்தேனோ, அந்தப் பேச்சு அவர் மனசிலேயே இருந்திருக்கிறது. நினைக்க நினைக்க எனக்குக் கோபம் வந்தது. கோபத்துக்கு அடியில் பயம் இருந்தது. அண்ணனும் போய்விட்டால் எனக்கு ஊர் என்று சொல்ல என்ன இருக்கிறது?

இதற்கு நடுவில் கரண்ட். தோட்டத்து மோட்டார் லைனில் வீட்டுக்கு இழுக்கக்கூடாது. புது இணைப்புக் கேட்டு மின்வாரிய அலுவலகத்துக்குப் போனேன். அங்கிருந்தவர் போட்டோவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது ஊடுங்களா, வண்டிங்களா?"

"வீடுதானுங்க."

"ஊடுன்னா கதவு நம்பர் வேணுமுங்க. டயர் இருக்குதே?"

"அப்ப வண்டின்னு வெச்சுக்கங்க."

"வண்டிக்கு நாங்க எப்படிங்க கரண்ட் குடுக்கறது?"

நியாயம்தான். இங்கே நியூசிலாந்தில் எதைக் காட்டி நகராட்சியிடம் தப்பிக்கிறார்களோ, அதையே காட்டி நான் அங்கே மாட்டிக்கொண்டேன்.

5

கயலுக்கு வீடியோவில் வீட்டைக் காட்டினேன். சிரித்தாள். "க்யூட்டா இருக்கும்மா. கேரவன்தானே? மாமா ஃபார்ம்ல கேம்பிங்கா?"

"கேம்பிங் இல்ல. வீடு."

"யாருக்கு?"

அவள் குத்தலாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டாள். அவளுக்கு என் வீடு என்றால் அவள் வளர்ந்த இந்த ஊர் வீடு. இங்கே பாட்டுக் கற்றுக்கொண்டாள், சைக்கிளில் விழுந்தாள், அப்பாவை வழியனுப்பினாள். ஆட்டையாம்பட்டி அவளுக்கு முறுக்கு வருகிற ஊர், அவ்வளவுதான். அதற்கு அவளைக் குறை சொல்லி என்ன? நான் கொண்டுபோய்க் காட்டிய நாட்கள் அவ்வளவுதான்.

"அப்ப நீ என்னை விட்டுட்டுப் போறியாம்மா?" என்று கேட்டாள்.

இல்லை என்றேன். அங்கே அண்ணன் பேசவில்லை, இங்கே மகள் இப்படிக் கேட்கிறாள். இரண்டுக்கும் நடுவே நான், டயர் மேல். போனை வைத்த பிறகு வெகுநேரம் அந்த வீட்டுப் படியில் உட்கார்ந்திருந்தேன். அன்று அதன் கிளியும் தாமரையும் எனக்கே பிடிக்கவில்லை.

6

ஆடி பிறந்தது. ஆடியில் புது வீட்டில் பால் காய்ச்சக்கூடாது. நங்கை கறாராகச் சொல்லிவிட்டாள். டயர் இருந்தாலும் ஆடி ஆடிதான். ஆவணி வரை அண்ணன் வீட்டில்தான் படுக்கை. பகலில் போய்ச் சாமான் அடுக்கி வைக்கலாம், குற்றமில்லை.

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். அங்கே என் அம்மி மிக்சிதான், அது பறக்கவில்லை. கதவுதான் பறந்தது. அன்று மத்தியானம் நான் உள்ளே அலமாரிக்குத் தாள் விரித்துக்கொண்டிருந்தேன். காற்று ஒரு தூக்குத் தூக்கிக் கதவை அறைந்தது. வெளியே 'டங்' என்று ஒரு சத்தம். போய்த் தள்ளினேன். அசையவில்லை. கைப்பிடியைத் தேடினேன். கைப்பிடியே இல்லை.

கதவின் உட்பக்கத்தை அன்றைக்குத்தான் நிதானமாகப் பார்க்கிறேன். மொழுக்கென்று இரும்புத் தகடு. தாழ்ப்பாள் இல்லை, கொண்டி இல்லை, ஒரு ஆணிகூட இல்லை. இத்தனை நாளும் திறந்து போட்டுத்தான் புழங்கினேன், போகும்போது வெளியே கொண்டி மாட்டினேன். உள்ளேயிருந்து சாத்திப் பார்க்கவே இல்லை.

ராசுவுக்குப் போன் போட்டேன். "ஏனுங்க, உள்பக்கம் தாழ்ப்பாளே வைக்கலையா?"

ராசு பதறினார். "அய்யய்யோ. இத்தனை வருசமா பாடி கட்டறனுங்க்கா. உள்ள ஏத்தற சரக்கு என்னைக்குங்க கதவைத் தெறந்திருக்குது? நெனப்பே வரலீங்க்கா!"

திட்டுவதற்கு வாயெடுத்தால் சிரிப்பு வருகிறது. அவர் திருச்செங்கோட்டிலிருந்து கிளம்பி வருவதற்குள் நான் வெந்துவிடுவேன். சன்னலில் கம்பி. நங்கை சந்தைக்குப் போயிருந்தாள். வியர்வை கண்ணில் இறங்கியது. கைப்பேசியில் அண்ணன் பெயரைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பேசாத மனிதரைக் கூப்பிட்டு, உங்களுக்குப் பிடிக்காத வீட்டிலேயே மாட்டிக்கொண்டேன், வந்து திறந்துவிடுங்கள் என்று எப்படிச் சொல்வது? கடைசியில் வெயில் ஜெயித்தது.

ஒரே மணியில் எடுத்தார். "என்ன?"

"அண்ணா, கதவு மாட்டிக்கிச்சுங்க. உள்ள இருக்கறேன்."

போன் அணைந்தது. சன்னல் வழியாகப் பார்த்தேன். அறுபத்தைந்து வயது மனிதர் கிழங்குக் காட்டு வரப்பில் ஓடி வருகிறார். துண்டு வழியில் விழுந்தது. எடுக்கக் குனியவில்லை.

கொண்டி விழுந்த வேகத்தில் வளைந்து சிக்கியிருந்தது. இழுத்துப் பார்த்தார், வரவில்லை. கடப்பாரை எடுத்து வந்து நெம்பினார்.

"சித்த நேரம் பொறு. கதவுக்குப் பக்கத்துல நிக்காத" என்றார். போனில் கேட்ட அந்த 'என்ன?'வை விட்டால், அன்றிலிருந்து நேராக என்னோடு பேசிய முதல் பேச்சு.

"அண்ணா, அந்தக் கருங்கல்லுல ஒண்ணை எடுத்துத் தட்டிப் பாருங்க."

"அது தட்டறதுக்கு வாங்குன கல்லில்ல."

எனக்கு எங்கிருந்தோ ஆங்காரம் வந்தது. முகம் தெரியாததால்தான் அந்தத் தைரியம். "தெரியும். எனக்கும் உங்களுக்கும் நடுவால சுவரு வெக்க வாங்குனது."

கடப்பாரைச் சத்தம் நின்றது.

"ஆரு சொன்னா?"

"ஆரும் சொல்லல. நானாத்தான் நெனச்சேன்."

"நெனப்ப. நீ ஏன் நெனைக்க மாட்ட? லாரிக்குக் கூண்டு கட்டறவங்கிட்டப் போயி ஊடு கட்டச் சொன்னவதான நீ." மூச்சு வாங்கினார். "அது உன்ற ஊட்டுக்குக் கடக்கால் போட எறக்குன கல்லு. நீ ஊடு கட்டோணும்னு போன்ல சொன்ன அந்த வாரமே போயிச் சொல்லி வெச்சுட்டு வந்தேன். தங்கச்சி ஊடு கட்டுனா பொறந்த ஊட்டுச் சீரு என்னது? கடக்கால் நம்முளுதா இருக்கட்டும்னு நெனச்சேன். நீ சக்கரத்தக் கட்டிக்கிட்டு வந்து நிக்கற."

கடக்கால் என்றால் அஸ்திவாரம்; அதைத்தான் நான் சுவர் என்று நினைத்திருக்கிறேன். தகட்டில் கை வைத்தேன். சுட்டது.

"சக்கரம் வெச்சது உங்களுக்காகத்தானுங்ண்ணா. தங்கச்சி மண்ணைப் புடிச்சுக்கிட்டான்னு நாளைக்கு ஒருத்தர் சொல்லிரக் கூடாதே. நீங்க வேண்டாம்னு ஒரு வார்த்தை சொன்னா இழுத்துட்டுப் போயிரலாம்னு..."

"அதைத்தான் ஊரே கேக்குது!" என்று கத்தினார். "ஏப்பா, உன்ற தங்கச்சி நீ தொரத்தி உட்ருவீன்னு பயந்துக்கிட்டா சக்கரத்தோட வந்திருக்குதுன்னு டீக்கடையில கேக்கறான். நான் என்ன மறுமொழி சொல்லட்டும்? அய்யன் இருந்திருந்தா நீ சக்கரம் வெச்சுட்டு வருவியா?"

அய்யன் என்றால் எங்கள் அப்பா. நான் அழுதுவிட்டேன். அந்தச் சின்ன வீட்டில் நான் முதலில் செய்த காரியம் அதுதான். பால் காய்ச்சுவதற்கு முன்னாலேயே அழுது முடித்துவிட்டேன்.

வெளியேயும் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. பிறகு கடப்பாரை ஒரே நெம்பு. கொண்டி தெறித்து விழுந்தது. கதவு திறந்தது. வேர்த்து விறுவிறுத்து, புழுதியோடு நின்றார். என் முகத்தைப் பார்க்காமல் சக்கரத்தைப் பார்த்தார்.

"வா அம்மிணி, சோறு திங்கலாம். எனக்குப் பசிக்குது" என்றார்.

7

நியூசிலாந்து திரும்பும் டிக்கெட்டை ஆவணிக் கடைசிக்குத் தள்ளிப்போட்டேன்.

ஆவணி பிறந்ததும் ராசு ஜாக்கியோடு வந்தார். அண்ணன் இறக்கிய கல்லைக் கட்டி மேடை எழுப்பினார்கள். முதல் கல்லுக்கு அடியில் நவதானியமும் ஒரு செப்புக்காசும் போட்டு, என்னைப் பால் ஊற்றச் சொன்னார் அண்ணன். வீட்டைத் தூக்கி, சக்கரங்களைக் கழற்றி, மேடை மேல் இறக்கினார்கள். இறங்கும்போது 'கிரீச்' என்று ஒரு முனகல். அப்புறம் அசையவே இல்லை. ராசு தன் கையாலேயே உள்பக்கம் ஒரு தாழ்ப்பாள் வைத்தார், லாரிக்கு வைக்கிற கனத்தில். "இனி யானை வந்தாலும் தெறக்காதுங்க்கா" என்றார். நான் திறந்து மூடிப் பார்த்துக்கொண்டேன். 'இடைவெளி விடவும்' மேல் நங்கையே பச்சைப் பெயிண்டைப் பூசினாள், இரண்டு கோட்டிங்.

பால் காய்ச்சும் நாளில் அண்ணனையும் நங்கையையும் காலையில் காணவில்லை. பார்த்தால் தட்டுகளோடு தோட்டத்துக் கேட்டைத் தாண்டி வெளியே போய்க்கொண்டிருக்கிறார்கள்.

"எங்கீங்க போறீங்க?" என்று கத்தினேன்.

"சீரு கொண்டாரோம்!" என்றாள் நங்கை.

அவர்கள் வாசலுக்கும் என் வாசலுக்கும் நடுவே நாலு தென்னைமரம்தான் இருக்கிறது. ஆனாலும் சீர் என்றால் ரோட்டு வழியாக வர வேண்டும், நாலு பேர் பார்க்க வேண்டும். டீக்கடை வரை நடந்து, கேட்ட வாய்க்கெல்லாம் "தங்கச்சி ஊட்டுக்குச் சீரு" என்று பதில் சொல்லி, சுற்றிக்கொண்டு வந்தார்கள். புடவை, அரிசி, வெல்லம், பித்தளைக் குண்டா. என் வாசலில் வந்து ஊர்ப்பட்ட தூரம் நடந்து வந்தவர் மாதிரி அண்ணன் தண்ணீர் கேட்டார். கொடுத்தேன். குடித்துவிட்டு டம்ளரை நீட்டி, "தேங்க்ஸ்" என்றார். நங்கை தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள்.

பால் பொங்கியது. பத்து டன் தாங்கும் வீட்டில் மூன்று பேர் இடித்துக்கொண்டு நின்றோம்.

டயர் போன பிறகு அது வீடாகிவிட்டது. கதவு நம்பர் வந்தது. நம்பர் வந்ததால் கரண்ட்டும் வந்தது.

8

அடுத்த வாரம் ஊருக்குக் கிளம்புகிறேன். இந்தத் தடவை கயலுக்கும் லீவு கிடைத்திருக்கிறது. பத்து நாள் என்னோடு வருகிறாள். "எனக்குப் படுக்க இடம் இருக்குமாம்மா?" என்று கேட்டாள். இருக்கிறது என்று சொல்லியிருக்கிறேன். அவளுக்கு அந்த ஊர் பிடிக்குமா பிடிக்காதா தெரியாது. வந்து பார்க்கட்டும்.

ஒரு விஷயம் சொல்லாமல் விட்டுவிட்டேன். கழற்றிய டயர்களை வேப்பமரத்தடியில் சாய்த்து வைத்துவிட்டுத்தான் போன வருஷம் கிளம்பினேன். விமானத்தில் உட்கார்ந்திருக்கும்போதுகூட அந்த நினைப்பு இருந்தது: டயர் அங்கேதான் இருக்கிறது, நாளைக்கு ஒன்று என்றால் மாட்டி இழுத்துக்கொள்ளலாம். அத்தனை அழுகைக்குப் பிறகும் மனசின் மூலையில் ஒரு சக்கரம் இருந்துகொண்டேதான் இருந்தது.

தை மாதம் அண்ணனிடமிருந்து ஒரு வீடியோ வந்தது. ஜவ்வரிசி மில்லுக்குப் போகும் குச்சிக்கிழங்கை மலைபோல் ஏற்றிய அவருடைய டிராக்டர் டிரெய்லர். போனைக் கீழே இறக்கிச் சக்கரத்தைக் காட்டினார். என் வீட்டு டயர்.

"பாத்துக்க அம்மிணி. உன்ற டயர மாட்டிக்கிட்டேன். சேகோ மில்லுக்கு லோடு அடிக்குது. இனி நீ கேட்டாலும் தர மாட்டேன். இழுத்துட்டுப் போறதுன்னா ஊட்டைத் தலையில வெச்சுக்கிட்டுத்தான் போவோணும்."

நான் அதை நூலகத்தில் நின்று பார்த்தேன். சத்தமாகச் சிரித்ததில் பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள். உடனே அண்ணனுக்குப் போன் போட்டேன்.

"தேஞ்சா சொல்லுங்ண்ணா. புதுசு நானே வாங்கித் தாரேன், உங்க வண்டிக்கு" என்றேன்.